நாயின் கட்டி: நோய் இன்னதென்று தெரியும் வரை

வீட்டில் வளரும் நாயின் விலாவிலோ, மடியிலோ, கழுத்திலோ ஒரு நாள் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், "புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சோதித்துத்தான் சொல்ல வேண்டும்" என்கிறார் கால்நடை மருத்துவர். சோதனை முடிந்த பின்பும் சில சமயங்களில் ஐயம் தீருவதில்லை. "புற்றுநோய் என்று ஐயுறத்தக்கது" என்றோ, "திட்டமாகக் கூறுவதற்குப் போதிய உயிரணுக்கள் இல்லை" என்றோ அறிக்கை வருகிறது. நோய் உண்டென்று தெரிந்தால் அதற்குரிய வழியைத் தேடலாம். இல்லையென்று தெரிந்தால் நிம்மதி அடையலாம். இரண்டும் தெரியாத இடைக்காலமே வீட்டாரைப் பெரிதும் வாட்டுகிறது.

இந்த இடைக்காலத்தில் இரு வகையான தவறுகள் நேர்கின்றன. ஐயத்தையே முடிந்த தீர்ப்பாகக் கொண்டு, குணமாகக்கூடிய நாயைக் கைவிட்டுவிடுவது ஒன்று. ஐயத்தைச் சாக்காகக் கொண்டு, உரிய காலத்தில் செய்ய வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மற்றொன்று. இரண்டிலும் இழப்பு நாயின் உயிர்தான். சிற்றூர்களில் இத்தகைய கவலை தோன்றும்போது மக்கள் முதலில் யோசனை கேட்பது கால்நடைத் துறையின் கள ஊழியரிடம். பல வேளைகளில் பள்ளி ஆசிரியரிடம். ஆதலின் ஐயம் எவ்வாறு எழுகிறது, எவ்வளவு தூரம் அதனைத் தீர்க்க முடியும், தீராத பகுதியை வைத்துக்கொண்டே எவ்வாறு முடிவெடுப்பது என்பவற்றை இவ்விரு சாராரும் அறிந்திருத்தல் நலம்.

கட்டிகள் பலவிதம்

உடலின் ஒரு பகுதியிலுள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் கட்டி தோன்றுகிறது. பெருகிய உயிரணுக்கள் தோன்றிய இடத்திலேயே நின்று, அண்டைத் திசுக்களைத் துளைக்காமல் இருப்பின் அது தீங்கில்லாக் கட்டி. அண்டைத் திசுக்களுள் வேரோடி, இரத்தம் அல்லது நிணநீர் வழியாக நுரையீரல், கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கும் பரவுமாயின் அது கொடிய கட்டி. புற்றுநோய் எனப்படுவது அதுவே. இவ்விரண்டிலும் சேராத வீக்கங்களும் உண்டு. சீழ்க்கட்டி, அடிபட்ட இடத்தில் இரத்தம் தேங்கிய வீக்கம், நீர்ப்பை ஆகியவை இத்தகையன.

நடுவயதைக் கடந்த நாய்களில் தோலுக்கடியில் மெத்தென்று, பிடித்தால் நழுவும் உருண்டைகள் அடிக்கடி காணப்படும். இவற்றிற் பல வெறும் கொழுப்புக் கட்டிகள். பல ஆண்டுகள் தீங்கின்றியே இருப்பவை. மூன்று வயதுக்கு உட்பட்ட இளநாயின் தலையிலோ காதிலோ காலிலோ சிவந்த பொத்தானைப் போன்று விரைவில் எழும் கட்டி ஒன்று உண்டு. பார்ப்போருக்கு அச்சத்தைத் தரினும், அது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே மறைந்துவிடும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மாஸ்ட் அணுக்கட்டி எனப்படும் தோல் புற்று, பருவைப் போலவும் பூச்சிக்கடித் தடிப்பைப் போலவும் கொழுப்புக் கட்டியைப் போலவும் பல வடிவங்களில் தோன்றும். அதிலுள்ள உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுவதால், கட்டியை அழுத்தினால் சுற்றிலும் சிவந்து வீங்கும். சில நாள் பெருத்தும் சில நாள் சிறுத்தும் காணப்படும். "சிறுத்துவிட்டது, ஆகவே பயமில்லை" என்று வீட்டார் எண்ணுவது இங்குப் பெரும் பிழையாக முடியலாம்.

கண்ணாலும் கையாலும் கட்டியின் குணத்தை நிச்சயிக்க இயலாது என்பது இதிலிருந்து விளங்கும். அனுபவம் மிக்க மருத்துவரும் "தொட்டால் கொழுப்புக் கட்டி போல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுப்பது இதனாலேயே ஆகும்.

உண்ணிக் காய்ச்சலின் மாறுவேடம்

நம் நாட்டைப் பொறுத்தவரை தனியே குறிப்பிட வேண்டிய ஒரு குழப்பம் உண்டு. நாயின் தாடைக்கடியிலும் தோள்முன்பும் முழங்காலின் பின்புறமும் நெறி கட்டிக்கொள்கிறது, உடல் மெலிகிறது, மண்ணீரல் வீங்குகிறது, மூக்கிலிருந்து இரத்தமும் கசியலாம். நிணநீர்ப் புற்று என்னும் கொடிய நோயின் அறிகுறிகளை இவை ஒத்திருக்கும். ஆயின் பழுப்பு நிற நாயுண்ணியால் பரவும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் விளைவிக்கும் காய்ச்சலிலும் இவ்வறிகுறிகள் தோன்றுகின்றன. 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், உண்ணிகள் மலிந்த வெப்ப நாடுகள் பலவற்றிலும் காணப்படுகிறது. இந்தியாவிலும் பரவலாக உள்ளது.

இவ்விரண்டையும் பிரித்தறிவதன் முக்கியத்துவம் சொல்லாமலே விளங்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் மருந்தை வழக்கமாக 28 நாட்கள் கொடுக்கின்றனர். நோய் முற்றி எலும்பு மச்சையைத் தாக்குவதற்கு முன் தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். நிணநீர்ப் புற்றோ பல மருந்துகளைக் கொண்ட நீண்ட சிகிச்சையை வேண்டுவது. அச்சிகிச்சையிலும் நோய் பெரும்பாலும் தணியுமேயன்றி வேரோடு ஒழிவது அரிது. ஆகவே நெறி கட்டிய நாயைக் கண்டதும் "புற்று" என்று முடிவு கட்டுமுன், இரத்தத்தைச் சோதித்து உண்ணிக் காய்ச்சல் உண்டா என்று பார்த்தல் வேண்டும். நெறியிலிருந்தும் ஊசியால் அணுக்களை எடுத்துச் சோதித்தல் வேண்டும். இரு நோய்களும் ஒரே நாயில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

இக்கட்டத்தில் நேரும் பெருந்தவறு ஒன்று உண்டு. நோய் இன்னதென்று தெரியுமுன் "வீக்கம் வடியட்டும்" என்று பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துவிடுவதே அது. அதனால் நெறி சுருங்கும், நாய் நன்றாக உண்ணும், வீட்டார் மகிழ்வர். ஆனால் நோய் புற்றாக இருப்பின், பின்னர் எடுக்கும் மாதிரியில் அதன் அடையாளம் மறைந்துபோகலாம். அதற்குப் பின் கொடுக்கும் புற்று மருந்துகளும் நன்கு வேலை செய்யாமற் போகலாம். மாதிரி எடுத்த பின்னரே இம்மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதைக் கள ஊழியர் எவரும் நினைவிற் கொள்வது அவசியம்.

அறிக்கையில் ஐயம் ஏன்?

மெல்லிய ஊசியைக் கட்டியுள் செலுத்தி, சில உயிரணுக்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியால் பார்ப்பது முதற்படி. இதற்கு மயக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை, செலவும் குறைவு. கொழுப்புக் கட்டி, மாஸ்ட் அணுக்கட்டி, நிணநீர்ப் புற்று ஆகியவற்றைப் பெரும்பாலும் இதனாலேயே அறியலாம். ஆனால் ஊசி எடுப்பது ஒரு பிடி நெல்லைப் போன்றது. மூட்டை முழுவதும் எப்படி என்று ஒரு பிடியைக் கொண்டு சொல்வதில் பிழை நேரலாம். ஊசி, கட்டியின் செத்துப்போன நடுப்பகுதியையோ இரத்தம் நிறைந்த பகுதியையோ தொட்டிருக்கலாம். உயிரணுக்கள் எளிதில் உதிராத கட்டியாகவும் இருக்கலாம். இத்தகைய நிலையில் "ஒன்றும் தென்படவில்லை" என்னும் அறிக்கைக்கு "நோய் இல்லை" என்பது பொருளன்று.

அடுத்த படி, திசுவையே வெட்டியெடுத்துப் பார்ப்பது. இங்கு உயிரணுக்களோடு அவை அமைந்திருக்கும் முறையும், அண்டைத் திசுக்களுள் ஊடுருவியிருக்கின்றனவா என்பதும் தெரியும். எனினும் இப்படியிலும் மனிதரின் கண்ணும் அபிப்பிராயமும் கலந்தே இருக்கின்றன. மாஸ்ட் அணுக்கட்டியை மூன்று தரங்களாகப் பிரிக்கும் முறையைப் பட்நாயக் என்னும் நோயியல் நிபுணரும் உடனாய்வாளர்களும் 1984-இல் வகுத்தனர். அம்முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 16 நிலையங்களைச் சேர்ந்த 28 நோயியல் நிபுணர்களிடம் 95 கட்டிகளின் திசுக்கள் கொடுக்கப்பட்டன. மூன்றாம் தரத்தைப் பொறுத்தவரை 75 சதவீத அளவில் அவர்களிடையே உடன்பாடு இருந்தது. முதலிரண்டு தரங்களில் அது 64 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. இதன் விளைவாக, கட்டிகளை மிதமானவை, கடுமையானவை என இரண்டாக மட்டும் பிரிக்கும் எளிய முறை பரிந்துரைக்கப்பட்டது.

இதனால் நிபுணர்கள் திறமையற்றவர்கள் என்று எண்ணலாகாது. இயற்கை கோடு கிழித்துக் கட்டிகளைப் பிரித்து வைக்கவில்லை. கோட்டைக் கிழிப்பது மனிதன். கோட்டின் மீதே விழும் கட்டிகளில் கருத்து வேறுபடுகிறது. "ஐயுறத்தக்கது" என்று எழுதும் நிபுணர், தாம் கண்டதற்கு மேல் சொல்லாத நேர்மையாளர் ஆவார். வீட்டாருக்கு இதனை விளக்கினால் "மருத்துவருக்கே தெரியவில்லை" என்னும் மனக்கசப்பு பெரிதும் குறையும்.

சதவீதங்களைப் படிக்கும் முறை

ஐயத்தை அளவிட்டுச் சொல்ல மருத்துவர்கள் சதவீதங்களைக் கையாளுகின்றனர். பெண் நாயின் மடியில் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி தீங்கற்றவை, பாதி கொடியவை என்பது நெடுநாளாகக் கற்பிக்கப்படும் கணக்கு. கட்டி சிறிதாக இருக்கும்போதே அகற்றினால் நல்ல பலன் கிடைப்பது அதிகம். மடிக்கட்டியைப் பொறுத்தவரை ஊசிச் சோதனை நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டுவதில் அவ்வளவு நம்பத்தக்கது அன்று. ஆகையால் நெஞ்சை எக்ஸ்-ரே படம் எடுத்துப் பரவல் இல்லையென்று கண்டபின், கட்டியை அகற்றித் திசுவைச் சோதனைக்கு அனுப்புவதே வழக்கமாக உள்ளது. சிகிச்சையும் சோதனையும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன.

மண்ணீரல் கட்டி இதனினும் கடினமான எடுத்துக்காட்டு. மண்ணீரலில் கட்டியுள்ள 9 நாய்களில் 6 நாய்களுக்கு அது கொடியது, அந்த 6-இல் 4 நாய்களுக்கு இரத்தக்குழாய்ப் புற்று என்பது பாடநூல்களில் வழங்கிவரும் பழைய விதி. அப்புற்று ஆயுளைச் சில மாதங்களாகக் குறைக்கக்கூடியது. ஆனால் இவ்விதி எல்லா நாய்களுக்கும் ஒரே விதமாகப் பொருந்துவதில்லை. வேறு காரணத்துக்காகச் சோதித்தபோது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட, வெடித்து இரத்தம் கசியாத மண்ணீரல் கட்டிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. அதில் 105 நாய்களுள் 74 நாய்களின் கட்டி தீங்கற்றதாகவே இருந்தது. எந்தக் கூட்டத்தை எண்ணிச் சதவீதம் கணக்கிடப்பட்டது என்பதைக் கேளாமல் அதனை ஒரு நாயின் மேல் ஏற்றலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒன்பது வயதான லாப்ரடார் நாய்க்குச் சிறுநீர்த் தொல்லை. அதன்பொருட்டு ஒலி அலைப் படம் எடுத்தபோது மண்ணீரலில் எலுமிச்சை அளவுக் கட்டி தெரிகிறது. படத்தைக் கொண்டு நல்லது கெட்டது சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். "வயதான நாயை ஏன் அறுக்க வேண்டும்?" என்கிறார் தந்தை. "உடனே எடுத்துவிட வேண்டும்" என்கிறாள் மகள். "புற்று என்று தெரிந்தாலன்றோ?" என்கிறார் தாய். மூவரும் கட்டியின் பெயரைப் பற்றியே வாதிடுகின்றனர். பெயரோ மண்ணீரலை எடுத்துச் சோதிக்கும் வரை தெரியப்போவதில்லை.

இங்கு வாதத்தைத் தீர்க்கும் கேள்வி வேறொன்று: "கட்டியை அப்படியே விட்டால் என்ன நேரும்?" தீங்கற்ற கட்டியும் வெடித்து வயிற்றுள் இரத்தம் பெருகி நாய் திடீரென்று இறக்கலாம். ஆதலின் நெஞ்சு எக்ஸ்-ரேயிலும், இதயத்தையும் ஈரலையும் பார்த்த ஒலி அலைப் படத்திலும் பரவல் தென்படாமல், நாயும் மயக்க மருந்தைத் தாங்கும் நிலையில் இருந்தால், கட்டியின் பெயர் எதுவாயினும் மண்ணீரலை அகற்றுவதற்கு நியாயம் உண்டு. பரவல் தென்பட்டாலோ ரண சிகிச்சையால் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது. நோயின் பெயர் தெரியாமலே அறிவோடு எடுக்கக்கூடிய முடிவு இவ்வாறு பிறக்கிறது.

பெயர் தெரிந்ததும் பிழைக்கும் நோய்

சோதனைக்கு அஞ்சி ஒதுங்குவோருக்கு எடுத்துச் சொல்லத்தக்க நோய் ஒன்று நம் தெருக்களிலேயே உள்ளது. ஆண், பெண் இரு நாய்களின் பிறப்புறுப்பிலும் காலிஃபிளவர் போன்று சிவந்து, தொட்டால் இரத்தம் சொட்டும் கட்டி அது. மோப்பம் பிடிப்பதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வாயிலும் தோன்றுவதுண்டு. ஒரு நாயின் புற்றணுக்களே இணைசேரும்போது மற்றொரு நாயின் உடலில் ஒட்டிக்கொண்டு வளர்வதே இந்நோய். 1876-இல் நோவின்ஸ்கி என்னும் ரஷ்ய கால்நடை மருத்துவர் இதனை ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாற்றி நட்டு வளர்த்துக் காட்டினார். நாயின் உயிரணுவில் 78 குரோமோசோம்கள் இருக்க, இப்புற்றின் அணுவில் பெரும்பாலும் 60-க்கும் குறைவாகவே இருக்கின்றன. 43 நாடுகளிலிருந்து திரட்டிய 546 கட்டிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, ஆசியாவில் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயில் தோன்றிய புற்றே இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

பார்வைக்கு இத்துணைக் கோரமான இந்நோய், வின்கிறிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒரு முறை நாளத்தில் செலுத்தினால், பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களில் அடியோடு மறைந்துவிடுகிறது. அம்மருந்து வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. 1963-இல் அமெரிக்காவில் மனிதரின் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. செடியை அரைத்துக் கொடுப்பது மருந்தாகாது, அது நஞ்சு. மருந்தும் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசையை அழிக்கும், வெள்ளணுக்களைக் குறைக்கும். ஆகையால் மருத்துவரே அதனைச் செலுத்த வேண்டும். கோரத் தோற்றத்தைக் கண்டு "புற்று, இனிப் பயனில்லை" என்று கைவிடப்பட்ட நாய்களுள், ஒரு கண்ணாடித் தகட்டுச் சோதனையால் பிழைத்திருக்கக்கூடியவை எத்தனையோ!

எந்தச் சோதனை எதற்கு?

சோதனைகள் பெருகிவிட்ட இக்காலத்தில், எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்னும் பதற்றமும், எதனையும் செய்ய வசதியில்லையே என்னும் குற்ற உணர்ச்சியும் வீட்டாரை வருத்துகின்றன. இரண்டுக்கும் மருந்தாகும் ஓர் எளிய கேள்வி உண்டு: "இந்தச் சோதனையின் முடிவு எதுவானாலும், நாங்கள் செய்யப்போவது மாறுமா?" மாறும் என்றால் சோதனை பயனுடையது. மாறாது என்றால் அச்செலவை நாயின் வலி நீக்கத்துக்கும் உணவுக்கும் வைத்துக்கொள்ளலாம். பதினான்கு வயதாகி, சிறுநீரகமும் கெட்ட நாய்க்கு ரண சிகிச்சையோ புற்று மருந்தோ செய்வதில்லை என்று முடிவாகிவிட்டபின், கட்டியின் தரத்தை அறிவதால் நாய்க்கு ஆவது யாதொன்றுமில்லை. அவ்வாறு சோதனையை நிறுத்திக்கொள்வது அன்புக் குறைவு ஆகாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை முன்னரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நன்று. இது என்னென்ன நோயாக இருக்கக்கூடும்? அவற்றுள் குணமாகக்கூடியது எது? அதனை முதலில் விலக்கவோ உறுதி செய்யவோ எளிய சோதனை யாது? ஒரு மாதம் காத்திருந்தால் கெடுதி உண்டா? என்ன அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்? இவ்வைந்துக்கும் விடை கிடைத்தால் ஐயத்தின் எல்லை தெரிந்துவிடும். வீட்டாருள் ஒருவரே மருத்துவரிடம் பேசி மற்றவர்களுக்குச் சொல்வதும் குழப்பத்தைக் குறைக்கும்.

மாதிரி அனுப்புவோர் கவனத்துக்கு

அறிக்கையில் ஐயம் எழுவதற்கு மாதிரி கெட்டுப்போவதும் ஒரு காரணம், இது தவிர்க்கக்கூடியது. அகற்றிய திசுவை 10 சதவீத ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் என்பது கணக்கு. கரைசல் திசுவைப்போல் பத்து மடங்கு இருத்தல் வேண்டும். மருந்து திசுவினுள் மெல்லவே ஊறுமாதலால், பெரிய கட்டியை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்கியோ, இடையிடையே கீறிவிட்டோ இட வேண்டும். செத்த நடுப்பகுதியை மட்டும் அனுப்பாமல், கட்டியும் நல்ல திசுவும் சேரும் விளிம்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். திசுவை உறைய வைத்தலாகாது.

கண்ணாடித் தகட்டுப் பூச்சைக் காற்றில் உலர்த்தி, ஃபார்மலின் புட்டியோடு ஒரே பெட்டியில் வைக்காமல் தனியே அனுப்ப வேண்டும்; அதன் ஆவி பட்டால் சாயம் ஏறாது. நாயின் வயது, இனம், பால், கட்டி இருந்த இடம், தோன்றிய காலம், வளர்ந்த வேகம், முன்பு கொடுத்த மருந்துகள் ஆகிய விவரங்களைத் தவறாது எழுத வேண்டும். விவரமில்லாத திசு, முகவரியில்லாத கடிதத்தைப் போன்றது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் துறைகளில் இத்தகைய சோதனை செய்யப்படுகிறது.

காத்திருக்கும் நாட்களில்

அறிக்கை வருவதற்குச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். அந்நாட்களில் வீட்டார் நாயை நிமிடத்துக்கு ஒருமுறை தடவிப் பார்ப்பதும், கட்டியைப் பிதுக்குவதும் உண்டு. இதனால் நாய்க்கு வலி. மாஸ்ட் அணுக்கட்டியாயின் கெடுதியும் கூட. வாரம் ஒரு முறை நூலாலோ அளவுகோலாலோ கட்டியின் நீள அகலத்தை அளந்து, தேதியிட்டு எழுதி வைத்தால் போதும். நாயின் எடை, உண்ட அளவு, நடை, உறக்கம், மலசலம் ஆகியவற்றையும் அதே குறிப்பேட்டில் எழுதலாம். கவலைக்கு ஒரு வேலை கொடுத்தாற் போலவும் ஆகும். மருத்துவருக்கு அரிய தகவலாகவும் ஆகும்.

சூடு வைத்தல், காரப் பச்சிலை கட்டுதல், கயிற்றால் இறுக்குதல் ஆகியவை கட்டியைப் புண்ணாக்கி, பின்னர் வரும் சிகிச்சையையும் கடினமாக்கும். மனிதருக்குரிய வலி மாத்திரைகளைத் தாமே கொடுத்தலும் ஆகாது. ஐபுபுரூஃபென் போன்றவை நாய்க்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விளைவிக்கும். ஈறு வெளுத்தல், வயிறு திடீரென உப்புதல், மயங்கி விழுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அறிக்கைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மற்றபடி நாயின் அன்றாட வாழ்க்கையை மாற்ற வேண்டியதில்லை. நாயை வளர்ப்போருக்கே நாளைய தினத்தைப் பற்றிய அச்சம். நாய்க்கு அறிக்கையைப் பற்றிய கவலை கிடையாது. வழக்கமான நேரத்தில் உணவும், வழக்கமான தெருவில் நடையும், வழக்கமான இடத்தில் படுக்கையுமே அது வேண்டுவது. நோயுற்ற வளர்ப்பு விலங்கைப் பேணுவோர் அதிக மனச்சுமையும் சோர்வும் அடைகின்றனர் என்பதை 2017-இல் வெளியான ஆய்வொன்று காட்டியுள்ளது. ஆகவே "நாய்க்குப் போய் இவ்வளவா?" என்று கேலி பேசுவது முறையன்று. இரவில் கண்விழிப்பதையும் மருந்து கொடுப்பதையும் வீட்டார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது சுமையைக் குறைக்கும்.

குழந்தைகளுக்கு என்ன சொல்வது?

இங்கு ஆசிரியரின் துணை பெரிதும் பயன்படும். வீட்டில் பெரியவர்கள் கிசுகிசுப்பதைக் கேட்ட குழந்தை, உண்மையைவிட அச்சமூட்டும் ஒன்றைத் தானே கற்பித்துக்கொள்கிறது. தான் நாயைத் தள்ளிவிட்டதால் கட்டி வந்ததோ என்று உள்ளுக்குள் மறுகும் குழந்தையும் உண்டு. "நாய்க்கு ஒரு கட்டி வந்திருக்கிறது. அது என்னவென்று மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் தெரியவில்லை. தெரிந்தவுடன் உனக்கும் சொல்வோம். நீ செய்த எதனாலும் இது வரவில்லை" என்று சொல்வதே போதுமானது. "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று பொய்யாக வாக்களித்தால், பின்னர் குழந்தை பெரியவர்களின் சொல்லையே நம்பாமற் போகும்.

நாயின் புற்றுநோய் மனிதருக்குத் தொற்றாது. இணைசேர்க்கையால் பரவும் மேற்கூறிய புற்றும் நாய்களிடையே மட்டுமே பரவும். ஆகவே குழந்தையை நாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. ஆயின் வலியுள்ள நாய், அன்பான நாயாயினும், தொட்டால் கடிக்கக்கூடும். எனவே பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். புற்று மருந்து கொடுக்கப்பட்ட பின் சில நாட்களுக்கு நாயின் சிறுநீர், மலம் ஆகியவற்றைக் குழந்தைகள் தொடலாகாது. பெரியவரும் கையுறை அணிந்தே சுத்தம் செய்ய வேண்டும். வகுப்பில் இப்பொருளைப் பேச நேர்ந்தால், "தெரியவில்லை" என்று சொல்வதும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே என்பதை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டலாம்.

ஐயம் தீராமலே போனால்

செய்யத்தக்க சோதனைகளைச் செய்தும் சில வேளைகளில் நோயின் பெயர் கிடைப்பதில்லை. அப்பொழுது நோயை விட்டு நாயைப் பார்ப்பதே வழி. வலி, பசி, நீர் அருந்துதல், உடல் தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழு கூறுகளுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டுப் பார்க்கும் முறையை, அமெரிக்க கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்தார். மொத்தம் 70-இல் 35-க்கு மேற்பட்டிருக்கும் வரை நாயின் வாழ்க்கை ஏற்கத்தக்கது என்பது அவர் கணக்கு. எண்ணைவிட, வாரந்தோறும் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கும் பழக்கமே அதன் பயன். வலி இருப்பின் அதற்குரிய மருந்தை மருத்துவர் தருவார். நோயின் பெயர் தெரியாமலே வலியைத் தணிக்க முடியும்.

மதிப்பு வாரத்துக்கு வாரம் இறங்கி, மருந்துக்கும் வலி அடங்காத நிலை வருமாயின், வலியின்றி முடிப்பதைப் பற்றி மருத்துவரோடு பேசலாம். அப்பேச்சுக்கு ஆதாரம் நாயின் துன்பமாக இருத்தல் வேண்டும். "புற்றோ என்னவோ" என்னும் அச்சம் ஆதாரமாகாது. நன்றாக உண்டு, வாலாட்டி, வாசலில் படுத்திருக்கும் நாயை ஓர் ஐயத்தின் பேரில் இழப்பதும், துடிக்கும் நாயை "இன்னும் நிச்சயமாகவில்லையே" என்று வைத்திருப்பதும் ஒருசேரத் தவிர்க்க வேண்டியவை.

குளிப்பாட்டும்போதோ உண்ணி எடுக்கும்போதோ மாதம் ஒரு முறை நாயின் உடல் முழுவதையும் கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை வீட்டார் மேற்கொள்வராயின், கட்டிகள் கடலை அளவிலேயே கண்டறியப்படும். ஒரு மாதத்துக்கு மேல் மறையாத கட்டியையும், வளர்ந்துகொண்டே வரும் கட்டியையும் ஊசிச் சோதனைக்குக் காட்டிவிட வேண்டும். கள ஊழியர் தம் வட்டாரத்திலும், ஆசிரியர் தம் மாணவர் வீடுகளிலும் இவ்வொரு பழக்கத்தைப் பரப்பினாலே, ஐயத்தில் கழியும் நாட்கள் குறையும். காலங்கடந்து வரும் நாய்களின் எண்ணிக்கையும் குறையும்.